பச்சை விளக்கை நம்பினேன்

கார்த்திகை, புதன் இரவு

ராகிக் காட்டுக் குடிசையில் என் வீட்டுக்காரர் தனியாகக் காவலுக்குப் படுத்திருக்கிறார். யானைக்குப் பயந்துதான் அங்கே கேமரா வைத்தோம். அதன் படத்தை எங்கள் டிவிக்கும் கொழுந்தன் வீட்டு டிவிக்கும் பிரித்துத் தர ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. கொழுந்தன் வீட்டில் நாடகம்தான் ஓடும், காவல் பார்ப்பது நான்தான். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால் கேமரா வேலை செய்கிறது என்று நினைத்திருந்தேன். இந்த வாரம் ராத்திரியில் டிவி கறுப்பாகவே இருந்தது. அமாவாசை நெருங்குகிறது, அந்த இருட்டுதான் என்று விட்டுவிட்டேன்.

இன்று பொழுது சாய கேபிள்காரத் தம்பி வந்தார். என் களிக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் எப்போதும் நேரம் வைத்திருப்பவர். சாப்பிட்டுக்கொண்டே பெட்டியைப் பார்த்தவர் கையை நிறுத்திவிட்டார்.

“அக்கா, பச்ச லைட்டு பொட்டிக்கு கரண்ட் வருதுன்னு மட்டுந்தான் சொல்லும். படம் வந்தா பக்கத்துல மஞ்ச லைட்டு எரியணும். அது எரியலீங்களே! ஒயர எலி கடிச்சிருக்கும். காலையிலதான் மாத்த முடியும்.”

உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். “வூட்டுக்கு வந்துடுங்க.”

விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். “நீ பாத்துக்கறேன்னுதானே நான் கொறட்ட வுட்டேன்! கேவுரு முத்தி நிக்குது புள்ள, வுட்டுட்டு வர முடியுமா? இன்னிக்கி முழிச்சிருக்கறேன். அப்பப்ப உன் ஜன்னல் பக்கம் டார்ச் அடிக்கறேன், போதுமா?”

முதலில் அடித்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது ரொம்ப நேரமாகக் காணோம். போனும் எடுக்கவில்லை. தூங்கியிருப்பார், வேறொன்றும் இருக்காது. காட்டுப் பக்கம் நாய்கள் விடாமல் குரைக்கின்றன. கொழுந்தனை எழுப்பப் போகிறேன்.