வைப்பர் மோட்டாரில் திரும்பும் ஆண்டெனா

என் பிரியமுள்ள மாப்ளே,

நீ போய் ஒன்பது மாசம் ஆகுது. உன் வீட்டு டிவி மறுபடியும் ஓடுகிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நீ இருந்தவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எப்படி இருக்கும்! கீழே டிவி முன்னால் நான், என் தங்கச்சி தனம், தெருவில் பாதிப் பேர். மொட்டைமாடியில் ஆண்டெனாக் குழாயைப் பிடித்தபடி நீ ஒருத்தன். மெட்ராஸ் பக்கம் பார்க்க வேண்டிய ஆண்டெனா, காற்று ஒரு தள்ளு தள்ளினால் வேறு பக்கம் போய்விடும். எனக்கு மூச்சு இழுப்பு, படி ஏற முடியாது. "இன்னும் கொஞ்சம்பா... போச்சி போச்சி... ஆங், நிறுத்து!" என்று கத்துவதுதான் என் வேலை.

ஒரு தடவை படம் தெளிவாக வந்தும், கதை சுவாரசியத்தில் உனக்குக் குரல் கொடுக்க மறந்துவிட்டேன். தூறலில் அரை மணி நேரம் குழாயை விடாமல் நின்றாய். இறங்கி வந்து தலையைத் துவட்டிக்கொண்டு, "கடைசியில கல்யாணம் ஆச்சா மச்சான்?" என்று மட்டும் கேட்டாய். ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு, தனம் டிவியைத் துணி போட்டு மூடிவிட்டாள். விற்றுவிடலாம் என்றாள். அதற்கான காகிதங்களைத் தேடித்தான் உன் மரப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு பழைய லாரி வைப்பர் மோட்டார். கூடவே சிகரெட் அட்டையில் நீ வரைந்த படம்: மோட்டார் குழாயைத் திருப்புகிறது, கீழே பேட்டரி, சுவிட்ச். லாரிக்கு ஒயரிங் செய்தவனுக்கு இது தோன்றாமல் இருக்குமா?

அட்டையை வெகுநேரம் பார்த்தாள். "நம்மகூட உக்காந்து படம் பாக்கணும்னு நெனச்சிக்கினு இருந்திருக்காருண்ணே" என்றாள். விற்கிற பேச்சு அன்றோடு போயிற்று.

மோட்டாரைக் குழாயோடு பொருத்த லேத் பட்டறைக்கு அவளே நடந்தாள். முதல் நாள் மோட்டார் நிற்காமல் சுற்றி, டிவி ஒயர் குழாயில் சுருண்டு அறுந்தது. "விட்டுடும்மா" என்றேன். விடவில்லை. குழாய் ஓரளவுக்கு மேல் திரும்பாதபடி இரண்டு பக்கமும் தடுப்பு வைத்தாள், ஒயரைத் தளர்த்தி விட்டாள், இந்தப் பக்கம் திரும்ப ஒன்று, அந்தப் பக்கம் திரும்ப ஒன்று என்று இரண்டு பொத்தான் போட்டாள்.

போன ஞாயிறு படம் பாதியில் இருக்கும்போது காற்று. திரை முழுக்கப் புள்ளி. நான் பழக்கத்தில் எழுந்து, மேலே பார்த்து வாயைத் திறந்துவிட்டேன் மாப்ளே. மாடியில் யாரைக் கூப்பிட?

"உக்காருண்ணே" என்றாள் தனம், திரும்பிக்கூடப் பார்க்காமல். பொத்தானை அழுத்தினாள். மேலே கர்ரென்று ஒரு சத்தம். முகங்கள் மெல்லத் தெளிந்தன. தெருவே கை தட்டியது. அவள் சிரித்ததை ஒன்பது மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இப்போது ஐயம்பேட்டையில் ஒரு வாத்தியார் வீட்டில் இதே மாதிரி கேட்டிருக்கிறார்கள். நாளைக்குப் போகிறோம். அங்கே மாடிப்படி கிடையாதாம், ஏணிதான். அவள் ஏறுவாள். அவள் கால் தரையில் படுகிறவரைக்கும் ஏணியிலிருந்து என் கையை எடுக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் தனத்தின் அண்ணன்,
உன் மச்சான்
சபாபதி