ஆலி யார் பெற்ற பிள்ளை

லாரல் பள்ளத்தாக்கு, கென்டக்கி
ஜூன் 3, 1996

அன்புள்ள தங்கை ரொவீனாவுக்கு,

அக்கா லியோட்டா எழுதுவது. உன் அத்தான் கிளெல் நலம். தோட்டத்தில் பீன்ஸ் நன்றாகக் காய்த்திருக்கிறது. ஃபோன் போட்டிருக்கலாம்தான். ஆனால் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் சமாளித்து ஏதாவது பொய் சொல்லிவிடுவேன். எழுத்தில் பொய் சொல்ல எனக்கு வராது.

உன் மகள் அடேலுக்கு மசக்கை வாந்தி நின்றதா? காலையில் எழுந்ததும் படுக்கையில் இருந்தபடியே இரண்டு உப்பு பிஸ்கட் கடிக்கச் சொல். உங்கள் ஊர் மழையில் நனையாமல் பார்த்துக்கொள்.

நீ விசாரிக்கச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அடேலின் டாக்டரம்மா, குடும்பத்தில் என்னென்ன நோய் உண்டு என்று கேட்டபோது, நீ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், ஆட்டக்காரி மஹாலா கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாய். அந்தம்மா சிரிக்கவில்லை. கைகால் தானாக ஆடி, புத்தி பிசகி, ஆளைப் படுக்கையில் தள்ளும் நோய் அது, ரத்தத்தில் இறங்கும், பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, பெரும்பாலும் நடுவயதில்தான் தலைகாட்டும் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

கொள்ளுத்தாத்தா ஐசமுக்கு இரண்டு பெண்டாட்டி. மூத்தவள் மஹாலா. அவள் போன பிறகு வந்தவள் செலிண்டா. தொண்ணூறு வயதிலும் தன் கையால் மாடு கறந்தவள். அப்பாவைப் பெற்ற ஆலி பாட்டி இந்த இருவரில் யார் வயிற்றில் பிறந்தாள் என்பதுதான் கேள்வி. செலிண்டாவின் பெண் என்றால் நாம் பயப்பட ஒன்றுமில்லை.

முதலில் எனக்கு நல்ல சேதிதான் கிடைத்தது. ஆலி பாட்டியின் கல்லறையில் மஹாலா ஆலிவ் என்று முழுப்பெயர் வெட்டியிருக்கிறது. இத்தனை வருஷம் பூ வைத்தும் நாம் அதைப் படித்ததில்லை, பாசியை யார் சுரண்டினார்கள்? நம் மலையில் இரண்டாம் தாரமாக வருகிறவள், தனக்குப் பிறக்கும் முதல் பெண்ணுக்கு, செத்துப்போன மூத்தாளின் பெயரை வைப்பது உனக்கே தெரியும். அப்படியானால் ஆலி செலிண்டாவின் பெண்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து அடுப்படியிலேயே முழங்காலிட்டுக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். சோள ரொட்டி கருகிப் போனது. கிளெல் அதையே சாப்பிட்டார். உனக்கு அன்றே எழுதாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

கல்லறை ஞாயிறன்று வழக்கம்போல எல்லோரும் கல்லறைகளுக்குப் பூ வைக்க, சாப்பாட்டுக் கூடையோடு மேட்டுக்குப் போனோம். இந்தத் தடவை நான் செலிண்டாவின் கல்லைத் தேய்த்துக் கழுவி, பியோனிப் பூ வைத்தேன். வெர்டி கோழி வறுவலும் கையுமாக வந்து நின்றாள். செலிண்டாவின் கடைசிப் பையனுடைய மகள், அதே வாய்.

“எங்க பாட்டிக்கு நீ எதுக்குடி பூ வைக்கிற? உன் ஆளு வேலியோரமா இல்ல படுத்திருக்கா” என்றாள்.

நான் பெயர் வைத்த கணக்கைச் சொன்னேன். அவள் பலமாகச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

“ஆலி பொறந்தப்ப மஹாலா உயிரோடதான்டி இருந்தா. தன் பேரையே மகளுக்கு வெச்சா. அப்புறந்தான் ஆட்டம் வந்துச்சு. நாற்காலியோட சேத்துக் கட்டி வெச்சிருந்தாங்களாம். ஸ்பூன்ல கஞ்சி ஊட்டினது ஆலிதான், இத்துனூண்டு புள்ள. எங்க பாட்டி அந்த வீட்டுக்கு வந்ததே வேலைக்காரியாத்தான், அவளக் கழுவித் தொடைக்க.”

செலிண்டாவே தன் வாயால் பேத்தியிடம் சொன்னது இது. இதற்குமேல் யாரிடம் போய் விசாரிப்பேன்? வேலியோரம் போய்ப் பார்த்தேன். வயற்காட்டுக் கல் ஒன்றை நட்டு, பெயரை மட்டும் கீறியிருக்கிறார்கள். பக்கத்தில் நிற்கவே பயமாக இருந்தது. நம் அப்பாவின் பாட்டி என்று பாசம் வரவில்லை, பயம்தான் வந்தது. கடவுள் மன்னிக்கட்டும்.

ஆலி பாட்டி விஷக்காய்ச்சலில் போனபோது அவளுக்கு முப்பத்துமூன்று வயது. அப்பா மேல் சுரங்கக் கூரை விழுந்தபோது அவருக்கு முப்பத்தாறு. நம் குடும்பத்துக்கு ராசியில்லை என்று அம்மா அழுதுகொண்டே இருப்பாளே. இப்போது எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. நம் பக்கத்தில் அந்த நோய் வருகிற வயதுவரை யாருமே இருந்ததில்லை, ரொவீனா. முதன்முதலாக அந்த வயதை எட்டியிருப்பது நீயும் நானும்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளாகத் தட்டுகள் என் கையில் நிற்பதில்லை. வயசாகிறது என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் கோயிலில் பிரசங்கம் நடக்கும்போது கிளெல் என் முழங்காலை அழுத்தி, “காலைக் கொஞ்சம் சும்மா வெச்சுக்கயேன்” என்று முணுமுணுத்தார். நான் காலை ஆட்டவே இல்லை.

லெக்சிங்டன் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்களாம். எனக்கு இல்லை என்று வந்தால் அது என்னோடு சரி, உன்னைப் பற்றி அதில் ஒன்றும் தெரியாது. இருக்கிறது என்று வந்தால் அப்பாவுக்கும் இருந்திருக்கிறது. அப்புறம் உனக்கும் பாதிக்குப் பாதி. உன் வழியாக அடேலுக்கு. மேலே எழுத மனம் வரவில்லை. என் கையை நீட்டி ஊசி குத்திக்கொண்டு, உங்கள் தலையில் கல்லைப் போட நான் யார்? நீ சரி என்றால்தான் போவேன். நீ வேண்டாம் என்றாலும் எனக்குக் கோபமில்லை.

கர்த்தர் உன்னையும் அடேலையும் அவள் வயிற்றில் இருப்பதையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். தினமும் இதைத்தான் கேட்கிறேன்.

அவளிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே. அதற்கு முன்னால் ஒரு தடவை, நீ மட்டும் கிளம்பி வா. வந்து வாசலில் நில். நான் கோழிக்கூட்டிலிருந்து வீடுவரை நடந்து வருகிறேன். நன்றாகப் பார். என் நடை எப்படி என்று கிளெல்லைக் கேட்டால் மழை வருமா என்று பேச்சை மாற்றுகிறார். நீ அப்படிச் செய்யாதே. கண்ணால் கண்டதை என் முகத்தைப் பார்த்துச் சொல்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அக்கா லியோட்டா