அறுபத்தாறாம் அளவு

மார்ச் 9

போரா கடைக்கு வந்தாள். மான்-ஷிக்கின் மகள் என் தொடுகறிக் கடைக்குத் தானாக வருவது அபூர்வம். முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஆன்ட்டி, உங்க டிரஸ் அளவு என்ன? அம்பத்தஞ்சா, அறுபத்தாறா?"

"அறுபத்தாறு. எதுக்கு கேக்குற?"

"கல்யாணத்துக்கு ஹான்போக் வாடகைக்கு எடுக்கணும். நீங்கதான் மெழுகுவத்தி ஏத்தணுமாம். அப்பா சொன்னார்."

எங்கள் கொரியக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா நீல ஹான்போக் பாவாடை சட்டையில், பெண்ணின் அம்மா ரோஜா நிறத்தில், இருவரும் கைகோத்து நடந்துபோய் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். அதில் ஒருத்தி நானா? பதினோரு வருடமாக மான்-ஷிக்கோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். கல்யாணப் பதிவு மட்டும் செய்துகொள்ளவில்லை. போரா கல்யாணம் முடியட்டும் என்பார். நானும் நச்சரிக்கவில்லை.

அவள் போனபிறகு முள்ளங்கிக்கு இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். அத்தனையும் வீண்.

மார்ச் 16

வாடகைக் கடையில் உடுத்திப் பார்த்தேன். மேல்சட்டையின் நாடாவைப் போராவே கட்டிவிட்டாள். கோணல்மாணலாகத்தான் கட்டினாள். கடைக்காரி, "அம்மாவுக்கு இந்த நிறம் எடுப்பா இருக்கு" என்றாள். போரா திருத்தவில்லை. நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னபோது, "இத்தனை வயசுல உனக்கு வெக்கம் வேறயா" என்று சிரித்தார்.

ஏப்ரல் 2

பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நின்றார். நின்ற விதத்திலேயே புரிந்துவிட்டது.

"பூசான்ல இருந்து போன் வந்துச்சு. போராவோட அம்மா வர்றாளாம். அவதான் நிக்கணுங்கிறா."

"போரா என்ன சொன்னா?"

"அழுதா. பெத்தவளாச்சே, ஜோங்-இம். நான் என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். அந்த மூடியை எடுங்க."

பதினைந்து வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனவள். ஆனாலும் பெற்றவள். இதில் நான் யாரோடு சண்டை போடுவது?

ஏப்ரல் 3

எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 20

கல்யாணம். சாம்பல் நிறக் கோட்டு போட்டுக்கொண்டு நாலாவது வரிசையில் உட்கார்ந்தேன். சந்தையில் மீன் விற்கிற மி-ரியோங் குனிந்து, "நீ என்ன இங்க உக்காந்திருக்க?" என்றாள்.

"இங்கதான் ஏசி காத்து வருது."

போராவின் அம்மா ரோஜா நிறத்தில் நடந்து வந்தாள். அழகாகத்தான் இருந்தாள், பாவி. மெழுகுவர்த்தி மூன்றாவது முயற்சியில்தான் அவளுக்குப் பற்றியது. அதைப் பார்த்த பிறகு அவளைத் திட்டவும் முடியவில்லை.

படம் எடுக்கிறவர் குடும்பத்தாரை மேடைக்குக் கூப்பிட்டார். மான்-ஷிக் தலையைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடினார். நான் எழுந்து கழிவறைக்குப் போய், அங்கே அழுதேன்.

ஆகஸ்ட் 11

அவருக்குக் கணையத்தில் புற்றுநோயாம். பரவிவிட்டதாம்.

அக்டோபர் 27

கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. அதிலும் பாதியை என் பக்கம் தள்ளுகிறார், "நீயும் எலும்பாயிட்ட" என்று.

"செவ்வாக்கிழமை பதிவு ஆபீசுக்குப் போவோம். போரா டாக்ஸி கொண்டாரேன்னிருக்கா" என்றார். எந்தச் சட்டை போட்டுக்கொள்வது என்றுகூட யோசித்து வைத்திருக்கிறார். நீலக் கட்டம் போட்டது. இஸ்திரி போட்டு மாட்டிவிட்டேன்.

செவ்வாய்

விடியற்காலையில் அவருக்கு மூச்சு திணறியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். குடும்பத்தாருக்கு மட்டும்தான் அனுமதி.

"நீங்க என்ன உறவு?" என்று நர்ஸ் கேட்டாள்.

கூட இருக்கிறவள் என்றேன். அது உறவில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது. கதவுக்கு வெளியே நாற்காலி இருந்தது.

நவம்பர் 5

போய்விட்டார். நான் வெளியேதான் இருந்தேன்.

நவம்பர் 6

நேற்று எழுதியதற்கு மேல் முடியவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

துக்க மண்டப வாசல் பலகையில் மகள், மருமகன், அக்கா என்று பெயர்கள் ஓடின. என் பெயர் இல்லை. எப்படி இருக்கும்? சமையலறைப் பக்கம் ஒதுங்கினேன். வருகிறவர்களுக்குக் காரச் சூப் ஊற்றிக்கொடுக்கவாவது ஆள் வேண்டுமே.

மண்டபத்து ஆள் வந்து, "குடும்பத்துப் பொம்பளைங்களுக்குக் கறுப்பு ஹான்போக் எத்தனை வேணும்? அளவு சொல்லுங்க" என்றார்.

"ரெண்டு போதும். எனக்கும் இவளுக்கும்" என்றார் மான்-ஷிக்கின் அக்கா.

"மூணு" என்றாள் போரா. "எனக்கு அம்பத்தஞ்சு, அத்தைக்கு எழுபத்தேழு, ஆன்ட்டிக்கு அறுபத்தாறு."

"அவளுக்கு எதுக்குடி? பலகையிலயே பேர் இல்ல."

"இல்லாட்டி என்ன? அளவு எனக்குத் தெரியும்."

கரண்டியைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றேன். போராவே வந்து வாங்கி வைத்தாள். மேல்சட்டை நாடாவைக் கட்டினாள், அன்றைக்குப் போலவே கோணலாக. தலையில், துக்க வீட்டுப் பெண்கள் வைக்கிற வெள்ளை முடிச்சு ஊசியைக் குத்தினாள். அவர் படத்துக்குப் பக்கத்தில், அவளுக்கு அடுத்து என்னை நிறுத்தினாள்.

நவம்பர் 7

தகனம் முடிந்தது. துணிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாவாடையை அவிழ்த்தபோது, இடுப்பில் நான் மடித்து உள்பக்கம் குத்தியிருந்த ஊக்குகளைப் போரா பார்த்துவிட்டாள். ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"ஆன்ட்டி, இது உங்களுக்கு இவ்வளவு பெருசா? இளைச்சுட்டீங்களே. சொல்லியிருந்தா மாத்தித் தந்திருப்பாங்களே."

"இல்லம்மா. சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.