சுகுணாவின் புகாரை நான் எழுதிய விதம்

மார்ச் 3, 2025, திங்கள்

இன்று உருப்படியாக ஒரு வேலை செய்தேன். வயரிங் லைனில் வேலை செய்யும் சுகுணா, ஜவளகிரிப் பெண், இருபத்திரண்டு வயது, லைன் சூப்பர்வைசர் மணிகண்டன் மேல் புகார் கொடுக்க வந்தாள். புகார் கமிட்டித் தலைவி சௌமியா மேடம் பெங்களூர் ஆபீஸில் இருப்பவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. அதனால் ஆள் தமிழில் சொல்ல, நான் இங்கிலீஷில் எழுத, கீழே புகார் சொன்னவர் கையெழுத்துப் போடுவார். எட்டு வருஷமாக இந்த ஓசூர் ஃபேக்டரியில் இப்படித்தான் நடக்கிறது.

இருபது நிமிஷம். அரைப் பக்கம். அவள் கொண்டுவந்தது ஒரு மூட்டை. மூன்று வினைச்சொல்லில் கட்டிவிட்டேன். அவன் செய்ததற்கு ஃப்ளர்ட். அவள் பொறுத்துக்கொண்டதற்கு சஃபர், என்ட்யூர், புட் அப் வித் எல்லாம் வரிசையில் வந்து நின்றன; டாலரேட் போட்டேன். கடைசியில் அவள் எதிர்த்துக் கேட்டாளே, அதற்கு கன்ஃப்ரன்ட் கொஞ்சம் முரடு, ஃபேஸ் என்றால் மொட்டையாக இருக்கிறது. ஆர்கியூ என்று முடித்தேன். ஒன்றுக்குப் பத்து வார்த்தை தெரிந்தவனுக்குத்தான் இந்தத் தொல்லை. மத்தூரில் தமிழ் மீடியம் படித்தவன் எழுதியது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மார்ச் 5

முட்டி வலி. ருக்மணி எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

மார்ச் 7, வெள்ளி

மகளிர் தினத்தை ஒரு நாள் முன்னதாகவே கொண்டாடிவிட்டோம். கோலப் போட்டி, மியூசிக்கல் சேர், எல்லாருக்கும் ஒரு டிபன் பாக்ஸ். சௌமியா மேடம் பேசிய பேச்சு நான் எழுதியது.

வந்ததே வந்தார் என்று சுகுணா விசாரணையையும் இன்றைக்கே வைத்துவிட்டார்கள். கால் மணி நேரம். என் தாளைக் கையில் வைத்துக்கொண்டே மேடம் கேட்டார்: "நாலு மாசம் டாலரேட் பண்ணிட்டு, இப்போ யாக்கே, ஏன் ஆர்கியூ பண்ணினே?" சுகுணா என்னைப் பார்த்தாள். "நாலு மாசமா ஏன் சும்மா இருந்தேன்னு கேக்கறாங்கம்மா" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

போகும்போது மேடம், "நீட் டிராஃப்டிங், முனிவேல்" என்றார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. அதுகூடத் தெரியவில்லை எனக்கு.

மார்ச் 12, புதன்

உத்தரவு வந்தது. மணிகண்டனுக்கு வாயால் ஓர் எச்சரிக்கை. சுகுணாவுக்கு எழுத்தில் எச்சரிக்கை: லைனில் எல்லார் எதிரிலும் மேலதிகாரியுடன் வாக்குவாதம் செய்ததற்கு. ஆளைப் பேக்கிங்குக்கு மாற்றியாயிற்று. அவள் டிரெய்னி, மே மாதம் நிரந்தரம் ஆக வேண்டியவள். எழுத்தில் எச்சரிக்கை வாங்கியவர்களை நிரந்தரம் செய்வதில்லை.

கடிதத்தை நான்தான் டைப் செய்தேன். கமிட்டி முடிவு, எனக்கும் அதற்கும் என்ன?

மார்ச் 13

சாப்பாட்டு நேரத்தில் சுகுணா என் மேஜைக்கு வந்தாள். கையில் புகாரின் நகல், இன்னொரு கையில் போன்.

"இத போன்ல காட்டுனா தமிழ்ல வருது சார். நீங்களே படிங்க."

படித்தேன். 'அவர் என்னிடம் சரசமாடினார். நான் நான்கு மாதங்கள் அதைச் சகித்துக்கொண்டேன். பிறகு அவருடன் வாக்குவாதம் செய்தேன்.'

"நான் இப்டியா சார் சொன்னேன்? போர்டு பாக்கற சாக்குல பின்னால வந்து ஒரசுவான், இடுப்புல கை வெப்பான்னு சொன்னேன். பல்லைக் கடிச்சிக்கினு நின்னேன்னு சொன்னேன். அன்னிக்கி எல்லாரும் இருக்கச்சே திரும்பி நின்னு, 'உங்க ஊட்டுப் பொம்பளைங்ககிட்ட இப்டி நிப்பியா'ன்னு கேட்டேன்னு சொன்னேன். அதுக்குப் பேரு சண்டையா? சரசம்னா ரெண்டு பேரும் சேந்து பண்றது இல்லீங்களா சார்?"

போன் ஏதோ தப்பாகக் காட்டுகிறது என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் டப்பாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தாளை நாலாக மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 14

போன் சரியாகத்தான் காட்டியது.

மார்ச் 16, ஞாயிறு

ருக்மணியிடம் சொன்னேன். முழுசாக இல்லை, ஒரு பெண்ணின் புகாரில் கொஞ்சம் மென்மையாக எழுதிவிட்டேன் என்று. அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"சொல்லச்சே அந்தப் புள்ள அழுதுச்சா?"

தெரியவில்லை. நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதிர்ல உக்காந்து சொல்லுது. உங்களுக்குத் தெரியல?"

கீரையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். இன்னும் ஏதாவது கேட்டிருந்தால் தேவலாம்.

மென்மையாக எழுது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மேனேஜர் சொல்லவில்லை, மேடம் சொல்லவில்லை, மணிகண்டன் கெஞ்சவில்லை. யாராவது மிரட்டியிருந்தால் இன்று சாய்ந்துகொள்ள ஒரு சுவர் இருந்திருக்கும். அவன் செய்ததற்குச் சரியான வார்த்தை எனக்குத் தெரியும். மார்ச் மூன்றாம் தேதியே தெரியும். நினைவுக்கு வந்தது, பேனா முனை வரைக்கும் வந்தது. மேடம் அதைப் படிக்கும்போது என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று யோசித்தேன். அசிங்கமான வார்த்தை எழுதுகிற குமாஸ்தா! ஒரு பெண்ணுக்கு நடந்தது பரவாயில்லை. என் இங்கிலீஷ் அழகாக இருக்க வேண்டும். சே. நானெல்லாம் ஒரு மனுஷன்.

மார்ச் 18, செவ்வாய்

மேடத்துக்குப் போன் போட்டேன். "அந்தப் புகாரில் ஒரு சின்னத் திருத்தம்..." என்று ஆரம்பித்தேன். "ஃபைல் குளோஸ் ஆயிடுச்சு முனிவேல். ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா?" என்றார்.

அந்த மாதிரிதான் மேடம், என்றேன்.

மார்ச் 20

சுகுணா இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை.

மார்ச் 21, வெள்ளி

கேன்டீனில் மணிகண்டன் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். எனக்கென்று ஒரு டீயும் இரண்டு போண்டாவும் வாங்கி வைத்திருந்தான். தோளில் கை போட்டான்.

"நீங்க எழுதுனதுலதாண்ணா நான் தப்பிச்சேன். வேற யாராச்சும் எழுதியிருந்தா என் பொழப்பு நாறியிருக்கும்."

நான் டீயைக் குடித்தேன். எழுதவே கை கூசுகிறது. எழுந்து போயிருக்கலாம், கையைத் தட்டிவிட்டிருக்கலாம், 'எடுடா கைய' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் குடித்து முடித்துவிட்டு கிளாஸைக் கொண்டுபோய் வைத்தேன். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று வேறு கேட்டான். இருக்கிறது என்றேன்.

அவன் கை வைத்த சட்டையை வீட்டுக்கு வந்ததும் ஊறப் போட்டேன். நாலு மாசம் அந்தக் கையோடு நின்றவள் எதை ஊறப் போடுவாள்?

மார்ச் 24, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். மேடத்துக்கு ஒன்று, கமிட்டியில் வெளியாளாக இருக்கும் கிருஷ்ணகிரி வக்கீல் ஜோதிமணி அம்மாவுக்கு ஒன்று. 'சுகுணா சொன்னதை நான் எழுதவில்லை. தெரிந்தே வேறு எழுதினேன். விசாரணை என் தாளை வைத்துத்தான் நடந்தது.' ஏழு முறை கிழித்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிகிற மாதிரியே வந்து தொலைத்தது.

மார்ச் 26

மெமோ வந்தது. ஏழு நாளில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ருக்மணி படித்துவிட்டு, "வேல போயிடுங்களா?" என்றாள். போனாலும் போகும். "சரி, சாப்புட வாங்க" என்றாள்.

மார்ச் 29

சுகுணாவை ஜோதிமணி அம்மாவே போனில் கூப்பிட்டுப் பேசினாராம். மறு விசாரணைக்கு வருகிறாளாம்.

ஏப்ரல் 4, வெள்ளி

மறு விசாரணை. சௌமியா மேடம், ஜோதிமணி அம்மா, சுகுணா. என்னை வாசல் பக்கம் நிற்கச் சொல்லியிருந்தார்கள், கேட்டால் பதில் சொல்ல. மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜோதிமணி அம்மா, "இந்த வாட்டி தமிழ்லயே எழுதிக்கலாம். நீ சொல்லும்மா, நானே எழுதறேன்" என்று பேனாவை எடுத்தார்.

சுகுணா, "வேணாங்க. இவரே எழுதட்டும்" என்றாள். "நான் சொல்றத ஒரு சொல்லு உடாம இவரே எழுதட்டும்."

அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். அவள் அழவில்லை. மெதுவாகச் சொன்னாள், நான் பின்தங்கினால் நிறுத்தினாள், எழுதி முடித்ததும் தொடர்ந்தாள். அவன் காதில் சொன்ன வார்த்தைகளைச் சொன்னாள். வீட்டில் நான் உச்சரிக்காத வார்த்தைகள். எழுதினேன். டிசம்பரிலிருந்து காலையில் வேலைக்கு ஏறினால் தண்ணீரே குடிப்பதில்லை என்றாள். பாத்ரூம் போக அவனிடம்தான் கேட்க வேண்டும், அவன் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து தேன்கனிக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். இதையும் அன்றைக்கே என்னிடம் சொன்னாளாம். எனக்கு நினைவே இல்லை.

ஒன்பதாம் பக்கத்தில் என்னால் முடியவில்லை. பேனாவை வைத்துவிட்டேன். மேடம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை வலிக்குதுங்களா சார்?" என்று கேட்டாள் சுகுணா.

"இல்லம்மா."

"அப்ப எழுதுங்க. இன்னும் இருக்குது."