இடுப்பில் விட்ட மடிப்பு

மார்ச் 4
பச்சைச் சட்டையும் இடுப்பில் பிடிக்கிறது. துவைத்ததில் சுருங்கியிருக்கும். பின்பக்கம் பிரித்து, மடிப்பில் இன்னும் கொஞ்சம் துணி விட்டுத் தைத்துக்கொண்டேன். தையல்காரிக்கு அதெல்லாம் ஒரு வேலையா? முதுகெலும்பின் அடியில் பிறவியிலேயே இருக்கிற கட்டி வெளியே தெரியாதபடிதான் என் சட்டை எல்லாம்.

மார்ச் 9
கடையில் தங்கச்சி டேப்பை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே சுற்றினாள். "உன் சட்டை மட்டும் எப்படிக்கா சுருங்குது? அதே துணியில தைச்ச என் சட்டை அப்படியே இருக்கே?" என்றாள். போடி, வேலையைப் பார் என்றேன். அதன்பின் வெட்டியதெல்லாம் கோணல்.

மார்ச் 10
கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றேன். கட்டி பெரிசாயிருக்கு. கல்லு மாதிரி இருக்கு. எத்தனை சட்டையைப் பிரிச்சிருப்பேன் — ஒரு தடவையாவது தோணுச்சா? என் கையே என்னை ஏமாத்திடுச்சே.

மார்ச் 22
பெரிய ஆஸ்பத்திரி. கருவிலேயே முதுகெலும்பு சரியாக மூடாமல் போன இடமாம். அதில் புற்று வருவது ரொம்ப அபூர்வமாம், எனக்கு வந்திருக்கிறது. டாக்டர் இன்னும் நாலு டாக்டர்களைக் கூட்டிவந்து காட்டினார். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை, முதுகுக்குத்தான் மவுசு. அடியோடு எடுத்தால் பிழைக்கலாம். ஆனால் நரம்பெல்லாம் அதோடு பின்னிக் கிடக்கிறதாம், வலது கால் போகலாம்.

வலது கால். மெஷினை மிதிக்கிற கால்.

மார்ச் 23
உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பட்டன் டப்பாவைக் கொட்டி நிறம் நிறமாகப் பிரித்தேன். மறுபடி கொட்டினேன்.

மார்ச் 25
நானும் தங்கச்சியும் அம்மாவிடம் சொன்னோம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, கட்டியைத் தொட்டால் கால் போய்விடும் என்று ஒரு டாக்டர் சொன்னாராம். குளிப்பாட்டும்போதுகூட அம்மா அங்கே அழுத்தித் தேய்த்ததில்லை. இன்றைக்கு, "கால் போனா போகட்டும். நீ இருந்தா போதும்," என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. போறது யார் காலு? எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் தட்டில் சாப்பாடு அப்படியே இருந்தது.

ஏப்ரல் 2
கையெழுத்துப் போட்டாச்சு. நாளைக்கு ஆபரேஷன். பயமா இருக்கு. வேற என்னத்தை எழுத?

மே 30
வெட்டியெடுத்த கட்டியின் ஓரமெல்லாம் சுத்தம், முழுசாக எடுத்தாயிற்று என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடிக்கடி வந்து காட்டச் சொன்னார். வலது பாதம் எழும்பவில்லை.

தங்கச்சி எனக்குப் புதுச் சட்டைக்கு அளவெடுத்தாள். பழக்கதோஷம், பின்பக்கம் மடிப்புக்குத் துணி விட்டுக் கோடு போட்டுவிட்டாள். பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். "அழிச்சுட்டு நேரா வெட்டுடி," என்றேன்.

மெஷினில் இடது காலை வைத்தேன். அது ஒரே ஓட்டமாக ஓட, தையல் கோணிக்கொண்டு போனது. பிரித்துவிட்டு மறுபடி மிதித்தேன்.