‘இல்லை’ என்று போட்ட குறி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா சுகம், வீடு சுகம், மாடிப்படியில் குட்டி போட்ட பூனையும் சுகம். நானும் சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. நீ சுகமா என்றும் கேட்கப் போவதில்லை, கேட்டால் ‘நல்லா இருக்கேம்மா’ என்பாய். இடது கால் கட்டைவிரல் மூன்று மாதமாக மரத்துக் கிடப்பதை அப்பாவிடம் சொல்லிவிட்டு என்னிடம் மறைத்தவள் நீ. அப்பாவின் வாயில் எது தங்கியிருக்கிறது, இது தங்க? நேற்று காலை பல் துலக்கிக்கொண்டே சொல்லிவிட்டார், சொன்ன பிறகு ‘உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னா’ என்பதையும் நுரையோடு சேர்த்துத் துப்பினார். படிவத்தைப் பற்றியும் அப்போதுதான் தெரிந்தது. புது மருத்துவமனையில் இதய ரத்தக்குழாய்ப் படம் எடுக்கும் பிரிவில் நிரந்தர வேலை, நல்ல சம்பளம், சேருமுன் நிரப்பித் தர வேண்டிய உடல்நலப் படிவத்தில் முதுகெலும்புக் குறை உண்டா என்று ஒரு கேள்வி. ‘ஒரே ஒரு குறிதானேப்பா, இல்லைன்னு போட்டா யாருக்கு என்ன நஷ்டம்’ என்று கேட்டாயாம். அவர் ‘அம்மாவைக் கேளு’ என்றாராம். நீ கேட்கவில்லை. கேட்காதவளுக்கு எழுதும் பதில் இது. போனில் பேசினால் நான் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவேன், நீயும் ‘சரிம்மா’ என்று சொல்லிவிட்டு உன் இஷ்டப்படி செய்வாய். மாதக் கடைசி வரை உனக்கு நேரம் இருக்கிறதாம், விரைவுத் தபால் அதற்குள் வந்துவிடும்.

முதலில் என் கதையைக் கேள். புகார் சொல்வது எனக்குப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடமாக ஊர் குடிக்கும் தண்ணீரைச் சோதிக்கிறேன். காலை எட்டு மணிக்கு மாதிரிப் பாட்டில்கள் வந்து இறங்கும், பகல் ஒரு மணி வரை மேடையருகே நின்றபடிதான் வேலை. கண்ணாடிக் குழாயில் திரவம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதைக் கண் மட்டத்துக்குக் குனிந்துதான் படிக்க வேண்டும், ஒரு நாளைக்கு நூறு தடவையாவது குனிந்து நிமிர்வேன். உயரமான முக்காலி ஒன்று இருந்த வரைக்கும் நடுநடுவே அதில் சாய்ந்து ஓட்டிவிட்டேன். இந்த வருடம் புதிதாக ஒரு மேலாளர் வந்திருக்கிறார், நடையைப் பார்த்து அளவுகோல் என்று பெயர் வைத்திருக்கிறோம். வந்த வாரமே முக்காலிகளைக் கிடங்கில் போட்டுப் பூட்டினார், ‘நின்னு வேலை செஞ்சாத்தாங்க சுறுசுறுப்பு’ என்றார். அதிலிருந்து பதினொரு மணிக்கெல்லாம் இடுப்பில் தொடங்கி இடது கணுக்கால் வரை காய்ச்சிய கம்பி இறங்குகிறது. காலிப் பெட்டியைக் கவிழ்த்து ஒரு காலை அதன் மேல் தூக்கி வைத்து நிற்கிறேன், பார்ப்பவர்களுக்கு நான் யாரிடமோ சண்டைக்கு நிற்பது போல் தெரிகிறதாம். தெரியட்டும். இரண்டு மாதம் பொறுத்துவிட்டு, முதுகெலும்பு வளைவு உள்ளது, முக்காலி வேண்டும் என்று விண்ணப்பம் கொடுத்தேன். அளவுகோல் என்னை ஏற இறங்கப் பார்த்து ‘பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க மேடம்’ என்றார். அப்படிப் பார்க்க வைப்பதற்கு ஒரு தோளில் அரை அங்குலப் பஞ்சும் ஒரு செருப்பில் அரை அங்குலத் தக்கையும் தேவைப்படுகின்றன என்று அவருக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

ஒரு வாரத்தில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வேலையில் சேர்ந்தபோது நான் நிரப்பிய படிவத்தைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். உடற்குறை ஏதேனும் உண்டா? இல்லை. என் கையெழுத்து, என் கையொப்பம். அன்று பொய் சொன்னீர்களா, இன்று பொய் சொல்கிறீர்களா என்பதுதான் கேள்வி, மரியாதையான வார்த்தைகளில். அந்தக் குறியைப் போடச் சொன்னது என் அப்பா. ‘நடக்கிறே, ஓடுறே, அப்புறம் என்ன குறை? எழுதினா வேலையும் வராது, வரனும் வராது’ என்றார். நானும் ஒரு முட்டாள், வேதியியலில் முதல் வகுப்பு வாங்கிய முட்டாள், போட்டேன். இப்போது அளவுகோல் தன் அறைக்குக் கூப்பிட்டு, பெரிய உபகாரம் செய்பவர் போல, ‘போன மாசம் படியில விழுந்துட்டேன், அதுக்கப்புறம்தான் இந்த வலின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க மேடம், உங்களுக்கும் தலைவலி இல்ல, எனக்கும் தலைவலி இல்ல’ என்றார். எனக்கு எப்போது தலைவலி வந்தது? ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், நேற்று காலை வரை அந்த வரியை எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். விழாத படியில் விழுந்ததாக மனதுக்குள் எழுதியும் பார்த்தேன், நன்றாகவே வந்தது. அப்போதுதான் அப்பா பல் துலக்க வந்தார்.

இனி எழுதப் போவதை இதுவரை அப்பாவுக்கும் சொன்னதில்லை. நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது பள்ளி மருத்துவப் பரிசோதனைக்கு முன் வீட்டுக்கு ஒரு தாள் வந்தது. குடும்பத்தில் யாருக்காவது முதுகெலும்பு வளைவு உண்டா என்று அதில் கேட்டிருந்தார்கள், உண்டு என்றால் பிள்ளைக்குப் படம் எடுத்துப் பார்ப்பார்களாம். பெயரோடு இந்தக் குறையும் ஒட்டிக்கொண்டு பள்ளி முழுக்க உன் பின்னால் வரும் என்று பயந்து, நான் இல்லை என்று குறி போட்டேன். சமையல் மேடை மேல் தாளை வைத்து, ஈரக் கையைத் துடைத்துவிட்டு, ஒரு நொடியில் போட்டேன். அந்தக் குறியை நம்பி உன்னைச் சட்டை மேலேயே பார்த்துவிட்டு அனுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்து உன் சீருடைக்கு அளவெடுத்த தையல்காரர்தான், என் தோளுக்குப் பஞ்சு வைக்கிற அதே மனிதர், நாடாவை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு ‘பாப்பாவுக்கும் உங்களை மாதிரியே ஒரு பக்கம் எறங்குதுங்களே’ என்றார். படம் எடுத்தபோது வளைவு நாற்பத்து மூன்று டிகிரி. ‘ரெண்டு வருஷம் முன்னாடி காட்டியிருந்தா கொஞ்சத்துலயே நிறுத்திப் பார்த்திருக்கலாம்’ என்றார் எலும்பு மருத்துவர். நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு இரண்டு கோடைக்காலம் முதுகுக்குப் போட்ட பிளாஸ்டிக் கவசத்துக்குள் நீ வெந்தாய், விலாவில் புண் வந்தது, விளையாட்டு நேரத்தில் வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருந்தாய். பரம்பரை என்று எல்லோரும் விதியைத் திட்டினார்கள், நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். வளைவு பரம்பரையாக இருக்கலாம். அந்த இரண்டு வருடம் என் கைவேலை. இதற்கு என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டு, ஆனால் படிவத்தை முடித்துவிட்டுத் திட்டு.

உன் வேலையும் எனக்குத் தெரியாததல்ல, விசாரித்துவிட்டேன். ஆறு மணி நேரம் கதிர் படாமலிருக்க ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும், பாரம் முழுக்கத் தோளில் தொங்கும். இப்போதைய வேலையில் ஊரார் முதுகெலும்பையெல்லாம் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்ப்பவளுக்கு உன் முதுகெலும்பு என்ன ஆகும் என்று நான் சொல்லித் தர வேண்டுமா? மரத்த விரல் விரலோடு நிற்காது, பாதம் தூக்க வராமல் போகும், அதுவும் உனக்குத் தெரியும். மேலே ஒன்று, இடுப்பில் ஒன்று என்று இரண்டு துண்டாக வரும் கவசம் இருக்கிறதாம், பாதிப் பாரத்தை இடுப்பு வாங்கிக்கொள்ளுமாம். கேட்டால் கொடுக்கிற இடங்கள் உண்டாம். ஆனால் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்தவள் எந்த வாயால் கேட்பாள்? என் நிலைமையைப் பார். உண்டு என்று போட்டால் வேலை போகும் என்றாயாம், போகலாம், அந்த உலகம் யோக்கியமானது என்று நான் சொல்லவில்லை. எனக்கு அவர்கள் மேலும் கோபம்தான், அத்தனை பேர் மேலும் கோபம். உன் மருத்துவமனை மேல், அளவுகோல் மேல், ‘எண்ணெய் தடவினா நேராயிடும்’ என்று வாரம் தவறாமல் போன் செய்யும் உன் அத்தை மேல், ‘உங்கம்மாகிட்ட முதுகைத் தவிர வேற எதுவும் வளையாது’ என்று வருகிறவர்களிடமெல்லாம் ஜோக் அடிக்கிற உன் அப்பா மேல். ஆனால் இந்த வேலை போனால் வேறு வேலை தேடலாம், கால் போனால் எங்கே போய்த் தேடுவாய்? நாளைக்கும் அந்தக் கால் நடக்கும் என்று எந்த நம்பிக்கையில் விரலுக்கு நரம்பு மருத்துவரைப் பார்க்காமல் இருக்கிறாய்?

நேற்று மாலை என் விளக்கத்தைக் கொடுத்துவிட்டேன். நான்கே வரி. வளைவு எனக்குப் பதினாலு வயதிலிருந்து இருக்கிறது, படிவத்தில் நான் எழுதியது பொய், நான் எந்தப் படியிலும் விழவில்லை, முக்காலி வேண்டும். அளவுகோல் படித்துவிட்டு ‘யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா மேடம்’ என்று கேட்டார், அவர் குரல் முதல் முறையாகக் கொஞ்சம் இறங்கியிருந்தது. இருபத்தெட்டு வருடம் யோசித்தேன் என்றேன். என்ன செய்வார்களோ தெரியாது, சம்பள உயர்வை நிறுத்தலாம், வேலையிலிருந்தே நிறுத்தலாம். அப்பா இரவெல்லாம் வீட்டுக் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் மட்டும் தூங்கினேன்.

நீ என்ன போடுவாய் என்று எனக்குத் தெரியாது, உனக்கு இருபத்தைந்து வயது, கையைப் பிடித்து எழுத வைக்க முடியாது. எந்தக் கட்டத்தில் குறி போட்டாலும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. இல்லை என்று போட்டிருந்தாலும் அனுப்பு, திட்டுவேன், ஆனால் தெரிந்துகொண்டு திட்டுவேன். நம் வீட்டில் இனிமேல் யாரும் தனியாக இந்தக் குறியைப் போட வேண்டாம்.

நிமிர்ந்து நில் என்று உன்னை வாழ்த்த மாட்டேன், அதைச் சொல்லிச் சொல்லியே நம் இருவரையும் படுத்தியிருக்கிறார்கள். வலித்தால் உட்கார், உட்கார இடம் இல்லையென்றால் கேட்டு வாங்கி உட்கார், நீண்ட ஆயுளோடு இரு. இந்த வாரத்துக்குள் நரம்பு மருத்துவரைப் பார், மறக்காதே.

கோபம் இன்னும் தீராத,
உன் அம்மா