மாத்திரையும் அன்னாசிப் பழமும்

மாசி 6, செவ்வாய்
காலையிலேயே வெயில். பள்ளிபாளையத்துலருந்து பாலம் தாண்டி ஈரோடு ஆஸ்பத்திரி. எங்க வீட்டுக்காரருக்கு ரத்த டெஸ்ட். லாரில நாக்பூர் லோடு போய்ட்டு வந்தப்ப இடது கால்ல ரத்தம் உறைஞ்சு, ஒன்றரை மாசமா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை. போன தடவை எல்லாம் சரி. இப்ப ரத்தம் மறுபடி சீக்கிரம் உறையுதாம். கட்டி நுரையீரலுக்குப் போனா உசுருக்கே ஆபத்தாம்.
"மாத்திரை தவறாம போடறீங்களா?" டாக்டரம்மா.
"போடறனுங்க." சொல்லிட்டு ஜன்னலைப் பார்த்தார். ஏன் ஜன்னலை?
மாத்திரை கூட்டியாச்சு.

மாசி 7, புதன்
அவர் குளிக்கப் போனப்ப போனைப் பார்த்தேன். தப்புதான். அவர் அக்கா, ஜேடர்பாளையத்து நங்கையா, அனுப்பின வாய்ஸ்: "பூண்டு, இஞ்சி, சின்ன வெங்காயம், அன்னாசி. தெனமும் தின்னு சாமி. ரத்தம் தண்ணியாட்டம் ஓடும்."
வாசல்ல நிக்கற லாரி கேபின்ல பாதி அன்னாசி, ஒரு டப்பா உரிச்ச பூண்டு. அப்ப மாத்திரை?
அட்டையை எண்ணினேன். சரியா இருக்கு. அவ்வளவு சரியா இருக்கறதுதான் இடிக்குது.

மாசி 9, வெள்ளி
மோட்டார் ரிப்பேர். தண்ணி இல்லை.
கேட்டுட்டேன். "முழுங்கறீங்களா, துப்பறீங்களா?" பாதிச் சோத்துல எந்திரிச்சுட்டார்.
நங்கையாவுக்குப் போன். "உங்க தம்பி உசுரோட வெளையாடறீங்க."
"மாத்திரைய நிறுத்துன்னு நான் சொல்லவே இல்ல கண்ணு."
கட் பண்ணிட்டேன்.

மாசி 13, செவ்வாய்
மறுபடி டெஸ்ட். கொஞ்சம்தான் தேவலை. டாக்டரம்மா இந்தத் தடவை என்னைக் கேட்டாங்க, என்ன சமைக்கறீங்கன்னு.
காலைல சூப், மத்தியானம் பொரியல், ராத்திரி அடை. எல்லாம் முருங்கைக்கீரை. ரத்தம் ஊறட்டும்னு மூணு வாரமா நானேதான் செஞ்சு போடறேன்.
பேனாவைக் கீழ வெச்சாங்க. "மூணு வேளையுமா?"
கீரை கெட்டதில்லையாம். ஆனா அவர் போடற மாத்திரைக்கு எதிரா வேலை செய்யுமாம். திடீர்னு கூட்டவும் கூடாது, அடியோட நிறுத்தவும் கூடாது. எப்பவும் ஒரே அளவு. பூண்டு, அன்னாசி சாப்பாட்டோட சாப்பாடா இருக்கலாம், ரத்தம் உறையறதைக் கொஞ்சம் குறைக்கலாம். மாத்திரை வேலையைச் செய்யாது. மாத்திரையும் போட்டுட்டு டப்பா டப்பாவாத் தின்னா ரத்தம் கசியுமாம்.
ஆக, அவர் ஒழுங்காத்தான் முழுங்கியிருக்கார்.
வண்டில வரப்ப அவர் என்னைத் திட்டியிருக்கலாம். பாலத்துல, "ஆறு காஞ்சு கெடக்குது"ன்னார். அவ்வளவுதான்.

மாசி 14, புதன்
நங்கையாகிட்ட பேசணும். நம்பரை எடுத்து மூணு தடவை வெச்சுட்டேன். சாயங்காலம் அவங்களே கூப்பிட்டாங்க.
"கால் வீக்கம் எப்படியிருக்குது சாமி?"
"வத்திருச்சுங்க."
இந்தத் தடவை நான் கட் பண்ணலை. அவங்களும் போனை வெக்கலை.